நாலு மணி நேரம்

நான்கு நாட்களாக அக்காவும் தங்கையும் பேசிக்கொள்ளவில்லை.

சண்டைக்குக் காரணம் ஒரு பஞ்சுக்குச்சி. முப்பத்தாறு வாரம் முடிந்த கர்ப்பிணிகளிடம் பஞ்சுக்குச்சியால் ஒத்தி எடுத்துச் செய்யும் கிருமிப் பரிசோதனை ஒன்று உண்டு. அதைச் செய்துவிடச் சொல்லி அக்கா தங்கையை வற்புறுத்தினாள். ஒரு தடவை அல்ல, ஏழு தடவை. ஏழாவது தடவை சாப்பாட்டு மேஜையில் வைத்துச் சொன்னபோது தங்கை வெடித்துவிட்டாள்.

"உன் ஆய்வுக்கூடத்தை என் வயித்துக்குள்ள கொண்டுவராதே!"

அக்கா கையைக் கழுவிக்கொண்டு கிளம்பினவள்தான். அப்புறம் அந்த வீட்டு வாசலை மிதிக்கவில்லை.

ஆனால் தங்கை மறுநாளே போய்ப் பரிசோதனைக்குக் கொடுத்துவிட்டு வந்தாள். "கொடுத்துத் தொலைச்சிட்டேன்னு உங்க பெரிய பொண்ணுகிட்ட சொல்லிடுங்க" என்று அம்மா மூலமாகச் செய்தியும் அனுப்பினாள். அம்மா வேலையில் இருந்த காலமெல்லாம் தொலைபேசி நிலையத்தில் இணைப்புக் கொடுத்தவள். ஓய்வு பெற்ற பிறகும் அந்த வேலை அவளை விட்டபாடில்லை. இரண்டு மகள்களுக்கும் நடுவே இந்தப் பக்கத்துக் கோபத்தை அந்தப் பக்கத்துக்குக் கொஞ்சம் தணித்தே கொடுப்பாள்.

தங்கையை வீட்டில் சிட்டு என்று கூப்பிடுவார்கள். பள்ளிக்கூடத்தில் அவள் கணக்கு டீச்சர். அங்கே அவளுக்கு என்ன பட்டப்பெயர் என்று பிள்ளைகளைத்தான் கேட்க வேண்டும்.

வியாழக்கிழமை காலை. ஆஸ்பத்திரி ஆய்வுக்கூடத்தில் அக்கா கையுறையை மாட்டிக்கொண்டு, கிருமி வளர்க்கும் பெட்டியைத் திறந்தாள். உள்ளே வட்டத் தட்டுகள் அடுக்கி இருந்தன. ஒவ்வொரு தட்டிலும் ரத்தம் கலந்த சிவப்புக் கூழ். நோயாளியிடமிருந்து எடுத்ததை அதில் தேய்த்து வைத்தால், கிருமி இருந்தால் ஒன்றிரண்டு நாளில் புள்ளி புள்ளியாக முளைக்கும். முளைத்ததை வெளிச்சத்தில் பிடித்துப் படித்துச் சொல்வது அக்காவின் வேலை. எட்டு வருஷமாகப் படிக்கிறாள்.

மூன்றாவது தட்டில் மருந்துச் சோதனை இருந்தது. எந்த மருந்துக்குக் கிருமி அடங்கும் என்று பார்க்க, மருந்து தோய்த்த சின்னக் காகித வில்லைகளைப் பொட்டு வைத்ததுபோல அதில் வைத்திருந்தார்கள். பென்சிலின் வில்லையைச் சுற்றி அகலமான வெற்று வளையம். கிருமி கிட்டவே நெருங்கவில்லை. பென்சிலின் ஒத்துக்கொள்ளாதவர்களுக்குக் கொடுக்கும் மாற்று மருந்து பக்கத்து வில்லையில். அதன் விளிம்பு வரைக்கும் கிருமி ஏறி வந்து உட்கார்ந்திருந்தது.

"மாற்று மருந்து கேட்காது" என்று எழுதினாள். கூடவே இருந்த சீட்டைப் பார்த்தாள். நிறைமாத கர்ப்பிணி. பென்சிலின் ஒவ்வாமை. அதற்கு மேலே பெயர்.

சிட்டுவின் பெயர்.

அக்கா தட்டை மெதுவாகக் கீழே வைத்தாள். கையில் இருந்த பேனாவை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. தலைமை ஆய்வாளரின் மேஜைக்குப் போனாள்.

"சார், இது என் தங்கச்சி."

அவர் மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு தட்டைப் பார்த்தார். சீட்டைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார்.

"நேத்து முளைச்சிருந்ததை நான்தான் பார்த்தேன். சொந்தம்னு தெரியாது. சரி, நானே டாக்டரைக் கூப்பிட்டுச் சொல்லிடறேன். டாக்டர் உன் தங்கச்சிகிட்ட சொல்வாங்க. நடுவுல நாம யாரும்மா? தபால்காரங்க. தபால்காரன் கடிதாசியைப் பிரிச்சுப் படிச்சுட்டு வாசல்ல நின்னு அழக்கூடாது."

"நான் அழல சார்."

"பின்ன கண்ணுல என்ன, வியர்வையா?"

அப்போதுதான் அவளுடைய கைப்பேசி அதிர்ந்தது. அம்மா.

"நான் கூப்பிட்டேன்னு சொல்லிடாதே" என்று குசுகுசுத்தாள் அம்மா. "விடிகாலை அஞ்சு மணியிலேருந்து அவளுக்கு லேசா தண்ணி கசியுதாம். வலி ஒண்ணும் இல்ல. 'குழந்தை மூத்திரப்பையை அழுத்துதும்மா, இதுக்கெல்லாம் ஆஸ்பத்திரிக்கு ஓடுவாங்களா'ங்கறா. உக்காந்து பேப்பர் திருத்திக்கிட்டு இருக்கா. எனக்கென்னமோ மனசு சரியில்ல."

சுவர்க் கடிகாரத்தில் மணி பத்தரை.

அக்கா தலைமை ஆய்வாளரைத் திரும்பிப் பார்த்தாள். அவர் அதற்குள் தொலைபேசியை எடுத்து எண்ணை அழுத்திக்கொண்டிருந்தார். இன்னொரு கையால் போ, போ என்று சைகை செய்தார்.

"தட்டெல்லாம் எங்கேயும் ஓடிப்போகாது. நீ ஓடு."

*

சிட்டு மேஜை முன்னால், நாற்காலியில் துண்டை மடித்துப் போட்டு உட்கார்ந்து, சிவப்புப் பேனாவால் யாருடைய தலையெழுத்தையோ எழுதிக்கொண்டிருந்தாள். வாசலில் அக்காவைக் கண்டதும் அவள் பார்வை நேராகச் சமையலறைப் பக்கம் பாய்ந்தது.

"அம்மா!"

சமையலறையில் பாத்திரம் தேய்க்கும் சத்தம் திடீரென்று கூடியது.

"அம்மாவை விடு. எவ்வளவு நேரமா கசியுது?"

"சாயங்காலம் நாலு மணிக்கு டாக்டர்கிட்ட எப்படியும் போறேன். ரிசல்ட்டும் இன்னிக்கு வந்துடும்னாங்க. ஒரே போக்கா எல்லாத்தையும் கேட்டுக்கறேன். இன்னும் பதினேழு பேப்பர் பாக்கி. நாளைக்குப் பள்ளிக்கூடத்துல கொடுத்தாகணும்."

"இப்பவே போகணும் சிட்டு."

"ஏன்? ரிசல்ட் வந்துடுச்சா?"

அக்கா வாயைத் திறந்து மூடினாள். "அது டாக்டர் சொல்லணும்."

"அப்போ நீ சும்மா பயமுறுத்த வந்திருக்கே. எல்லாத்துக்கும் பயம் உனக்கு. கிருமி, கிருமி, கிருமி. கதவைத் தொட்டா கிருமி, காத்துல கிருமி. எனக்குப் பிறக்கப்போற குழந்தையைக்கூட நீ ஒரு தட்டுல வச்சுத்தான் பார்ப்பே."

சொன்ன பிறகு சிட்டுவுக்கே அது அதிகம் என்று பட்டது. ஆனாலும் பேனாவைக் கீழே வைக்கவில்லை.

அக்கா எதிர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"என் குழந்தைக்கு என்ன ஆச்சுன்னு உனக்கு என்ன சொன்னாங்க?"

ஒன்பது வருஷத்தில் அந்த வீட்டில் யாரும் எடுக்காத பேச்சு அது. பாத்திரச் சத்தம் நின்றுவிட்டது.

"இதயத்துல ஏதோ கோளாறுன்னு..." சிட்டுவின் குரல் இறங்கியது. "எனக்கு அப்போ பரீட்சை. விடுதிக்குப் போன் பண்ணிச் சொன்னாங்க. நான் வர்றதுக்குள்ள எல்லாம் முடிஞ்சு போச்சு."

"இதயம் நல்லாத்தான் இருந்துச்சு. பிறந்தப்போ மூணு கிலோ. நல்லா அழுதான். ரெண்டாம் நாள் காலையில பால் குடிக்கல. மூச்சு வாங்குச்சு. சாயங்காலம் போயிட்டான். ரத்தத்துல கிருமின்னாங்க. என்கிட்டேயிருந்து போன கிருமி."

சிட்டு நிமிர்ந்து அக்காவின் முகத்தைப் பார்த்தாள்.

"அது இல்ல நான் சொல்ல வந்தது. அது என் கையில இல்ல. இன்னொண்ணு இருக்கு. யார்கிட்டயும் சொல்லாதது." அக்கா மேஜைமேல் இருந்த பேப்பர் கட்டின் ஓரத்தை நீவிக்கொண்டே பேசினாள். "எனக்கும் இப்படித்தான் லேசா கசிஞ்சுது. ராத்திரியே. அதுக்கு முந்தின வாரம் பொய் வலியில ஆஸ்பத்திரிக்கு ஓடி, எல்லாரும் சிரிச்சுத் திருப்பி அனுப்பியிருந்தாங்க. இன்னொரு தடவை அசட்டுப் பட்டம் வாங்க வேணாம்னு பேசாம இருந்துட்டேன். உங்க அத்தான் மூணு வாரம் கழிச்சு அன்னிக்குத்தான் கரண்டுக் கம்பி இழுக்கற லைன் வேலை முடிச்சு வீட்டுக்கு வந்திருந்தார். அடிச்சுப் போட்ட மாதிரி தூங்கினார். எழுப்ப மனசு வரல. காலையில பார்ப்போம்னேன். காலையில சாயங்காலம் பார்ப்போம்னேன். வலி வந்து போய்ச் சேர்ந்தப்போ இருபது மணி நேரம் ஆயிருந்தது. எப்போ தண்ணி உடைஞ்சதுன்னு கேட்டாங்க. இப்பத்தான்னு சொல்லிட்டேன்."

சமையலறை வாசலில் அம்மா ஈரக் கையோடு நின்றிருந்தாள்.

"தண்ணி உடைஞ்சா கதவு திறந்த மாதிரி. நேரம் போகப் போகக் கிருமி உள்ள ஏறும். இதெல்லாம் அப்புறம் படிச்சுத் தெரிஞ்சுக்கிட்டது. தெரிஞ்சு என்ன பிரயோஜனம்? ஒருத்தருக்காவது உதவட்டுமே. நீ என்னோட இன்னும் நாலு மாசம் பேசாம இரு. ஆனா இப்போ எழுந்திரு."

சிட்டு பேனாவை மூடினாள். திருத்தாத பதினேழு பேப்பரையும் கட்டி ஓரமாக வைத்தாள்.

"துணிப்பை கட்டிலுக்கு அடியில இருக்கு" என்றாள். "அவருக்கு யார் சொல்றது?"

சிட்டுவின் கணவன் நகரப் பேருந்து ஓட்டுநர். வண்டி ஓட்டும்போது கைப்பேசியைத் தொடமாட்டான். அந்த வேலையை அம்மா எடுத்துக்கொண்டாள். பணிமனைக்கு ஒரே ஒரு தொலைபேசி அழைப்பு. அடுத்த பத்து நிமிஷத்தில் அந்தத் தடத்தில் ஓடிய பேருந்துகள் அத்தனைக்கும் அவன் அப்பாவாகப்போகும் செய்தி தெரிந்துவிட்டது. அவனுக்குத்தான் கடைசியில் தெரிந்தது.

*

டாக்டர் அம்மாவுக்கு ஐம்பது வயதிருக்கும். காலில் ஷூ, காதில் கறுப்புப் பொட்டு போல ஒரு கம்மல். பேச்சில் அவசரம் கிடையாது. சிட்டுவைப் பரிசோதித்துவிட்டு வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார்.

"தண்ணி உடைஞ்சிருக்கு. நல்ல வேளை, இப்பவே வந்தீங்க. பரிசோதனை முடிவும் வந்திருக்கு. கிருமி இருக்கு."

சிட்டுவின் முகம் வெளிறியது. "அப்போ நான் சுத்தமா இல்லைன்னு அர்த்தமா, டாக்டர்?"

"சுத்தத்துக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல. நாலஞ்சு பெண்கள்ல ஒருத்தர்கிட்ட இது இருக்கும். உங்க பாட்டுக்கு நீங்க, அது பாட்டுக்கு அது. உங்களை ஒண்ணும் செய்யாது. குழந்தை வெளிய வர்ற வழியில ஒட்டிக்கிட்டா மட்டும் சில குழந்தைக்கு ஆபத்து. அதனால பிரசவ நேரத்துல உங்க நரம்பு வழியா மருந்து ஏத்துவோம். முன்னாடியே மாத்திரை கொடுத்தா பிரயோஜனமில்ல, திரும்ப வந்துடும். மருந்து ஏறி நாலு மணி நேரம் கழிச்சுக் குழந்தை பிறந்தா நல்லது. அவ்வளவுதான் விஷயம்."

சிட்டு அக்காவைப் பார்த்தாள். "உனக்குத் தெரியுமா?"

"காலையில."

"சொல்லவே இல்லையே!"

"சொல்லக்கூடாது."

"சின்ன வயசுலேருந்து என்னைப் பத்தி ஒண்ணு விடாம போட்டுக்கொடுத்தவ, இன்னிக்குத்தானா வாயைப் பொத்திக்கத் தோணுச்சு?"

நர்ஸ் சிரித்துவிட்டாள். அக்காவும் சிரித்தாள். நான்கு நாள் சண்டை அந்த இடத்தில் எப்படி முடிந்தது என்று இருவருக்குமே தெரியாது.

டாக்டர் சிரிக்கவில்லை. கோப்பைப் புரட்டிக்கொண்டிருந்தார்.

"இதுல ஒரு சிக்கல் இருக்கு. இதுக்கு நல்ல மருந்து பென்சிலின். உங்களுக்கு அது ஒத்துக்காதுன்னு எழுதியிருக்கு. மாற்று மருந்தும் இந்தக் கிருமிகிட்ட கேட்காதுன்னு ஆய்வுக்கூடத்துல சொல்லிட்டாங்க. மூணாவது ஒண்ணு இருக்கு. கொடுக்கலாம். ஆனா பென்சிலின் அளவுக்கு நிச்சயமாச் சொல்ல முடியாது. அதனால கேக்கறேன். பென்சிலின் கொடுத்து உங்களுக்கு என்ன ஆச்சு?"

"எனக்கு ஞாபகமில்ல டாக்டர். ஆறு வயசுல. அம்மாதான் சொல்லுவாங்க."

எல்லோரும் அம்மாவைப் பார்த்தார்கள்.

அம்மா கைப்பையைத் திறந்து மூடினாள். மறுபடியும் திறந்தாள். அதில் எதையும் தேடவில்லை.

"உடம்பெல்லாம் தடிச்சுதா? முகம் வீங்குச்சா? மூச்சுத் திணறுச்சா?" என்று டாக்டர் ஒவ்வொன்றாகக் கேட்டார்.

"இல்ல."

"வாந்தி?"

"இல்லம்மா. ஒண்ணுமே ஆகல."

"அம்மா?" என்றாள் அக்கா.

"தொண்டையில புண்ணு. தினம் ஒரு ஊசின்னு அஞ்சு நாள் போடச் சொன்னாங்க. ரெண்டு நாள் போட்டாச்சு. மூணாம் நாள் ஆஸ்பத்திரியில இவ கட்டிலுக்கு அடியில போய் ஒளிஞ்சுக்கிட்டா. இழுத்தப்போ கட்டில் காலைப் பிடிச்சுக்கிட்டு, 'அம்மா, இனிமே நான் நல்ல பொண்ணா இருக்கேம்மா'ன்னு கத்தினா." அம்மாவின் குரல் உடைந்தது. "தப்பு செஞ்சதுக்குத் தண்டனைன்னு நினைச்சுட்டா போல. எனக்குத் தாங்கல. ஊசி போடறவங்ககிட்ட, 'இது இவளுக்கு ஒத்துக்கல, உடம்பெல்லாம் தடிச்சுப்போச்சு'ன்னு சொல்லிட்டேன். அவங்க சீட்டுல எழுதிட்டு, மாத்திரை கொடுத்து அனுப்பிட்டாங்க. அதோட போச்சுன்னு நினைச்சேன். ஒரு சீட்டுலேருந்து இன்னொரு சீட்டுக்கு அதுபாட்டுக்குப் போய்க்கிட்டே இருந்திருக்கு. அப்புறம் சொல்ல வெக்கமா இருந்துச்சு. சொல்லச் சொல்ல எனக்கே அது நிஜம்னு ஆயிடுச்சு."

சிட்டு அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். திட்டுவாள் என்று அக்கா நினைத்தாள்.

"கட்டிலுக்கு அடியில ஒளிஞ்சது ஞாபகமிருக்கு" என்றாள் சிட்டு. "தூக்கிட்டு வீட்டுக்கு வந்தீங்களே. வழி பூரா அழுதுக்கிட்டே வந்தீங்க. ஊசி எனக்கு, இவங்க ஏன் அழறாங்கன்னு நினைச்சேன்."

டாக்டர் கேட்டார். "அதுக்கப்புறம் அமாக்சிசிலின்னு ஏதாவது மாத்திரை சாப்பிட்டிருக்கீங்களா? அதுவும் இதே குடும்பம்தான்."

சிட்டு தயங்கினாள். "ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி என் வீட்டுக்காரருக்குப் பல்வலிக்குக் கொடுத்தாங்க. மீதி இருந்துச்சு. எனக்கும் பல் வலிச்சப்போ... ஒரு நாலு."

"ஒண்ணும் ஆகலையே?"

"பல்வலி நின்னுது."

"கணக்கு டீச்சர் செய்யற வேலையா இது? அடுத்தவங்க மருந்தைச் சாப்பிடறது தப்பு. இனிமே செய்யாதீங்க." டாக்டர் எழுந்தார். "ஆனா இன்னிக்கு அது உதவுது. பென்சிலினே கொடுப்போம். மெதுவா ஏத்தலாம். நர்ஸ் பக்கத்துலயே நிப்பாங்க. ஏதாவது அரிப்போ மூச்சு முட்டலோ இருந்தா உடனே சொல்லணும்."

போகிற போக்கில் அம்மாவின் தோளைத் தொட்டார். "இப்பவாவது சொன்னீங்களே. நிறையப் பேர் சொல்லமாட்டாங்க."

மருந்து ஏற ஆரம்பித்தபோது மணி பன்னிரண்டு இருபது. நர்ஸ் அரை மணி நேரம் அந்த இடத்தை விட்டு நகரவில்லை. அம்மா மகளின் கையை, கழுத்தை, காது மடலை ஒவ்வொரு நிமிஷமும் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு தடிப்பும் வரவில்லை.

*

பிரசவ அறைக்கு வெளியே பொதுவாக எல்லோரும் சீக்கிரம் ஆகட்டும் என்றுதான் வேண்டுவார்கள். அன்று அந்தக் குடும்பம் மட்டும் மெதுவாக ஆகட்டும் என்று வேண்டியது.

நாலு இருபது வரைக்கும்.

ஓட்டுநர் ஒன்றரை மணிக்குச் சீருடையோடு ஓடி வந்தான். அக்கா விஷயத்தைச் சொன்னாள். அவன் கடிகாரத்தைப் பார்த்தான்.

"அப்போ அவசரப்படாம வரச் சொல்லணும், அவ்வளவுதானே அக்கா?" என்று உள்ளே போய், மனைவியின் வயிற்றருகே குனிந்து, "நிதானம். முன்னாடி சிக்னல் விழுந்திருக்கு" என்று ஓதிவிட்டு வந்தான்.

பிறக்கப்போவது யாருடைய பேச்சையும் கேட்கிற குழந்தையாகத் தெரியவில்லை. வலியை வரவழைக்க மருந்து கொடுப்பதற்கு முன்னாலேயே வலி தானாகப் பிடித்துக்கொண்டது. மூன்று மணிக்கு நர்ஸ் வந்து, "பாதி வழி தாண்டியாச்சு" என்றாள். அக்கா கடிகாரத்தைப் பார்த்தாள். மூன்றரைக்குச் சிட்டுவின் குரல் வெளியே கேட்டது. அம்மா நடைபாதையின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தாள்.

டாக்டர் ஒரு முறை வெளியே வந்தபோது அக்கா அவரைப் பின்தொடர்ந்து போனாள்.

"டாக்டர், ஒரு பழைய கேஸ். தண்ணி உடைஞ்சு இருபது மணி நேரம் கழிச்சு வந்தாங்க. இப்பத்தான் உடைஞ்சுதுன்னு சொன்னாங்க. குழந்தை ரெண்டு நாள்தான் இருந்துச்சு. இதே கிருமி."

டாக்டர் நின்றார். அவள் கழுத்தில் தொங்கிய ஆய்வுக்கூட அட்டையையும் அவள் முகத்தையும் பார்த்தார்.

"அந்த அம்மாவுக்கு இந்தப் பரிசோதனை செஞ்சாங்களா?"

"அந்த ஆஸ்பத்திரியில அப்போ வழக்கமில்ல."

"தண்ணி கசிஞ்சா உடனே வந்துடணும்னு யாராவது சொல்லி அனுப்பினாங்களா?"

"இல்ல."

"முன்னாடி ஒரு தடவை வந்து திரும்பிப் போயிருப்பாங்களே?"

அக்கா தலையை ஆட்டினாள்.

"எங்க வேலையை நாங்க செய்யாம விட்டுட்டு, பழியை அவங்க தலையில போட்டா எப்படி? சீக்கிரம் வந்திருந்தா பிழைச்சிருக்குமான்னு கேட்டா, எனக்குத் தெரியாது. பிழைச்சிருக்கலாம். பிழைக்காமலும் போயிருக்கலாம். ஆனா அந்த அம்மா தூக்கிச் சுமக்கறது முழுக்க அவங்க பாரம் இல்ல." டாக்டர் கொஞ்சம் குரலைத் தாழ்த்தினார். "எங்கேயாவது அவங்களைப் பார்த்தா நான் இப்படிச் சொன்னேன்னு சொல்லுங்க."

"சொல்றேன் டாக்டர்."

நாலு மணி. நாலு பத்து. ஓட்டுநர் பெஞ்சில் உட்கார்ந்தபடி இல்லாத பிரேக்கை வலது காலால் அழுத்திக்கொண்டிருந்தான்.

நாலு இருபது ஆனபோது உள்ளேயிருந்து நர்ஸ் தலையை நீட்டினாள். "நாலு மணி நேரம் ஆச்சு. ரெண்டாவது தடவை மருந்து ஏத்தறோம். இனிமே எப்ப வேணும்னாலும் வரட்டும்."

அம்மா தொப்பென்று பெஞ்சில் உட்கார்ந்தாள்.

ஐந்து நாற்பதுக்குப் பெண் குழந்தை பிறந்தது.

*

"ரெண்டு நாள் வச்சுப் பார்ப்போம்" என்றார் குழந்தை டாக்டர். "நல்லா இருக்கா. மருந்து வேளைக்கு ஏறியிருக்கு. அதனால குத்தறது, ரத்தம் எடுக்கறது ஒண்ணும் வேணாம். சூடு, மூச்சு, பால் குடிக்கறது மூணையும் நர்ஸ் பார்த்துக்கிட்டே இருப்பாங்க."

அம்மா குழந்தையை முதலில் அப்பனிடம் கொடுத்தாள். அவன் அதை அகலமான ஸ்டியரிங்கைப் பிடிப்பதுபோல இரண்டு கையாலும் பிடித்தான். பிறகு அம்மா அதை வாங்கி, அக்காவின் பக்கம் நீட்டினாள்.

அக்கா பின்வாங்கினாள். "நான் காலையிலேருந்து ஆய்வுக்கூடத்துல இருந்தேன். என் கை..."

"போய்க் கழுவிட்டு வா" என்றாள் சிட்டு கட்டிலிலிருந்து. தொண்டை கட்டியிருந்தது. "முழங்கை வரைக்கும். உன் இஷ்டத்துக்கு ரெண்டு தடவை கழுவிக்கோ. ஆனா வந்து வாங்கிக்கோ."

அக்கா மூன்று தடவை கழுவினாள்.

ஒன்பது வருஷமாக அவள் எந்தக் கைக்குழந்தையையும் தூக்கியதில்லை. பெயர் சூட்டலுக்குக் கூப்பிட்டால் ஜலதோஷம் என்பாள். இப்போது அந்தச் சின்னச் சூடு முழங்கை மடிப்பில் வந்து படுத்ததும், அவள் கண் தானாகக் குழந்தையின் மார்புக்குப் போனது. ஏறியது, இறங்கியது. ஏறியது, இறங்கியது. உதடு அசையாமல் ஒரு நிமிஷம் முழுக்க எண்ணினாள்.

"எவ்வளவு?" என்று கேட்டாள் சிட்டு.

"என்ன எவ்வளவு?"

"எண்ணினியே. நான் கணக்கு டீச்சராச்சே."

"நாப்பத்திரண்டு."

"நல்லதா?"

"ரொம்ப நல்லது." அக்கா மூக்கை உறிஞ்சினாள். "இன்னொரு தடவை எண்ணட்டுமா?"

"ராத்திரி பூரா எண்ணு. யார் வேணாம்னா?"

ஓட்டுநர் எல்லோருக்கும் தேநீர் வாங்கக் கிளம்பினான். அம்மா கால் நீட்டி உட்கார்ந்த இடத்திலேயே கண்ணயர்ந்தாள். ஜன்னலில் மாலை வெளிச்சம் இன்னும் மிச்சமிருந்தது. சிட்டு குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"காலையில என்கிட்ட சொன்னியே. அத்தானுக்குத் தெரியுமா அது?"

"இல்ல."

"ஒன்பது வருஷமாவா?"

"எப்படிச் சொல்றது? குழந்தை போன துக்கத்தையே அவரால தாங்க முடியல. தூரத் தூரமா லைன் வேலை கேட்டு வாங்கிக்கிட்டுப் போனார். ஞாயித்துக்கிழமை போன் பண்ணுவார். சாப்பிட்டியாம்பார். சாப்பிட்டேம்பேன். இதையும் சொன்னா, அந்தப் போனும் நின்னுடும்னு பயம்."

சிட்டு கையை நீட்டிக் குழந்தையை வாங்கிக்கொண்டாள்.

"அம்மா ஒரு ஊசி விஷயத்தை இருபத்தஞ்சு வருஷம் சொல்லாம வச்சிருந்தாங்க. இன்னிக்கும் சொல்லாம இருந்திருந்தா?" என்றாள். "போ. போய்ப் பேசிட்டு வா. இவ எங்கேயும் போகமாட்டா."

அக்கா நடைபாதைக்கு வந்தாள். கடைசி ஜன்னல் பக்கம் ஆளில்லை. எண்ணை அழுத்தினாள். இரண்டாவது மணியிலேயே எடுத்துவிட்டார். பின்னால் காற்று இரைந்தது. ஏதோ ஒரு மேட்டில் கம்பத்தடியில் நிற்கிறார் போல.

"என்னம்மா? இன்னிக்கு ஞாயித்துக்கிழமை இல்லையே. என்ன ஆச்சு?"

"பதறாதீங்க. சிட்டுவுக்குப் பொண்ணு பிறந்திருக்கு. ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க."

அந்தப் பக்கம் அவர் பெருமூச்சு விட்டது கேட்டது. "நல்ல சேதி. நல்ல சேதி. நீ... நீ பார்த்தியா குழந்தையை?"

"தூக்கினேன்."

அவள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். நம்ம குழந்தை விஷயம். நான் ஆஸ்பத்திரியில பொய் சொன்னேன். தண்ணி அப்போ உடையல. முந்தின நாள் ராத்திரியே..."

"தெரியும்" என்றார் அவர்.

அவளுக்குக் காதில் விழுந்தது புரியவில்லை. "என்ன?"

"உனக்கு மாத்துத்துணி எடுக்க மறுநாள் நான் வீட்டுக்கு வந்தேனே. அழுக்குக் கூடைக்கு அடியில நனைஞ்ச விரிப்பு இருந்துச்சு. நான்தான் துவைச்சுக் காயப்போட்டேன்." காற்று இரைச்சலுக்கு நடுவே அவர் குரல் விட்டு விட்டு வந்தது. "பக்கத்துலயே படுத்திருந்தேன். மரக்கட்டை மாதிரி தூங்கிட்டேன். நீ முழிச்சுக்கிட்டு இருந்திருக்கே, எனக்குத் தெரியல. என்னை எழுப்பக்கூட உனக்குத் தோணாத மாதிரி நான் தூங்கியிருக்கேன். அந்த முகத்தோட உன் எதிர்ல எப்படி வந்து நிக்கறது?"

"அதனாலயா போனீங்க?"

அந்தப் பக்கம் அவர் தொண்டையைச் செருமினார்.

"சொல்லுங்க. அதனாலயா?"

"நாளைக்குக் காலையில இங்கேயிருந்து ஒரு வண்டி வருது" என்றார். "நேர்ல சொல்றேன். நான் அங்க வந்தா... நீ இருப்பியா?"

நடைபாதையின் அந்தக் கோடியில், அறைக்குள்ளேயிருந்து குழந்தை பசித்து வீரிட்டது. நல்ல பலமான அழுகை. தொலைபேசி வழியாக அவருக்கும் கேட்டிருக்க வேண்டும். இருவரும் அது அடங்கும் வரைக்கும் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"வாங்க" என்றாள் அவள்.